புகையிலையும் காகிதமும்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்த பையன்கள் நடுவெளியில் சந்தித்துப் புகையிலை மாற்றிக்கொண்டதை எழுதியிருந்தீர்கள். காலையில் சேர்ந்து புகைத்துவிட்டு மாலையில் சுட்டுக்கொள்வதை நட்பு என்று சொல்லலாமா? இன்னொன்று. போரில் வென்று நாட்டை ஆண்ட தளபதி பிராங்கோ எழுப்பிய நினைவிடத்திலும் இரு தரப்பாரையும் ஒன்றாகத்தானே புதைத்தார்கள். ‘எல்லாரும் ஒரு தாய் மக்கள், பழசை மறந்துவிடுவோம்’ என்ற பேச்சுக்கு இந்த மாதிரிக் கதைகள் துணைபோகாதா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

அந்தப் பையன்கள் யார், எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1936 ஜூலையில் குடியரசு அரசாங்கத்துக்கு எதிராகப் பிராங்கோ உள்ளிட்ட ராணுவத் தளபதிகள் கலகம் செய்தபோது நாடு இரண்டாகப் பிளந்தது. செவில்யா, சரகோசா, கலீசியா எல்லாம் கலகக்காரர்களிடம் போயின. மாட்ரிட், பார்சிலோனா, வலென்சியா குடியரசோடு நின்றன. முதல் சில மாதங்களில் தாமாகத் துப்பாக்கி எடுத்தவர்கள் ஏராளம். அப்புறம் இரு தரப்பும் கட்டாய ஆள்சேர்ப்பில் இறங்கின. அதிலிருந்து, ஒரு இருபது வயதுப் பையன் எந்தப் படையில் நிற்கிறான் என்பதைப் பெரும்பாலும் அவன் ஊர்தான் முடிவு செய்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம் என்று ஆன குடும்பங்கள் உண்டு. மனதளவில் எதிர்த்தரப்பை ஆதரித்துக்கொண்டே இந்தப் பக்கம் சீருடை போட்டவர்களும் உண்டு.

இவர்களைக் கொண்டுபோய் அரகோன் மாதிரியான, மாதக்கணக்கில் பெரிய சண்டையே இல்லாத போர்முனைகளில் உட்காரவைத்தார்கள். குளிர், பேன், பசி, சலிப்பு. எதிரில் கூப்பிடு தூரத்தில் அதே மொழி பேசும், அதே வயதுப் பையன்கள். புகையிலை கிடைக்கும் கானரித் தீவுகள் பிராங்கோவிடம் இருந்ததால் புகையிலை அவர் படையிடம் இருந்தது. சிகரெட் சுற்றும் காகிதத்துக்குப் பேர்போன அல்கோய் நகரமோ குடியரசுப் பகுதியில் இருந்தது. ஒருவனிடம் தூள், ஒருவனிடம் தாள். இருட்டில் கத்திப் பேசி நேரம் குறிப்பார்கள். துப்பாக்கியை வைத்துவிட்டு நடுவெளிக்கு வருவார்கள். புகையிலையும் காகிதமும் கைமாறும், செய்தித்தாள்கள் கைமாறும். அதைவிட முக்கியம், விசாரிப்பு. ‘எங்கள் ஊர் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, அங்கே இருந்து யாராவது உங்களோடு இருக்கிறார்களா?’ என்று கேட்பது. வீடு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட பையனுக்கு இதைக் கேட்க வேறு வழியே இல்லை.

இரு ராணுவங்களும் இதைத் தடை செய்தன, திரும்பத் திரும்பத் தடை செய்தன. பேச ஆரம்பித்தவன் கட்சி மாறிவிடுவான் என்ற பயம், வெறும் கற்பனையும் அல்ல. பலர் அப்படி ஓடினார்கள். பிடிபட்டால் சொந்தப் படையே சுட்டுக் கொல்லக்கூடும்.

நட்பா என்று கேட்டீர்கள். நட்புதான் என்பேன். எதிரியின் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் வெறுங்கையோடு நடந்து போகிறான், எதிரி சுடமாட்டான் என்று நம்பிப் போகிறான். அந்த நம்பிக்கையை மற்றவன் காப்பாற்றுகிறான். இதற்குமேல் ஒரு நட்பிடம் என்ன கேட்பது? மறுநாள் தாக்குதல் உத்தரவு வந்தால் இருவரும் சுட்டார்கள் என்பதும் உண்மை. மறுத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பொறுப்பை இருபது வயதுப் பையன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

அமைதியான முனைகளில் மட்டுமே இதற்கு இடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1938இல் குடியரசு பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களையும் படைக்கு அழைத்தது. ‘பால்புட்டிப் பிள்ளைகள்’ என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது. ஜூலை 25 முதல் நவம்பர் 16 வரை நடந்த எப்ரோ ஆற்றுப் போரில், பீரங்கியும் விமானமும் பாறைகளை நொறுக்கிக்கொண்டிருந்த மலைகளில், அவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் சொல்லும் நினைவிடம், 1959இல் திறக்கப்பட்ட ‘வீழ்ந்தவர்களின் பள்ளத்தாக்கு’. அரசியல் கைதிகளின் உழைப்பும் அதில் உண்டு. 33,000 பேருக்கு மேல் அங்கே கிடக்கிறார்கள். குடியரசுத் தரப்பில் கொல்லப்பட்ட பலரைப் புதைகுழிகளிலிருந்து தோண்டி, வீட்டாரைக் கேட்காமலே கொண்டுவந்து சேர்த்தார்கள். 1975இல் பிராங்கோவையும் அங்கேயே புதைத்தார்கள். 2019இல்தான் வெளியே எடுத்தார்கள். கொன்றவன், தான் கொன்றவர்களின் எலும்பைத் தன் வெற்றிச் சின்னத்துக்குள் அடுக்குவதற்கும், இரண்டு பையன்கள் தண்டனைக்குத் துணிந்து கைகுலுக்குவதற்கும் என்ன சம்பந்தம்? முன்னதைச் சமரசம் என்று சொல்வதே எனக்குக் கோபம் தருகிறது.

1939 ஏப்ரலில் போர் முடிந்ததும் தோற்ற பக்கத்துப் பையன்களைப் பிராங்கோ வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. குடியரசுப் படையில் இருந்த காலம் கணக்கில் வராது என்று சொல்லி, ராணுவச் சேவையை மறுபடி முதலிலிருந்து செய்யவைத்தார்கள். சந்தேகத்துக்கு உள்ளானவர்களைத் தண்டனைத் தொழிலாளர் படைகளில் போட்டு ரோடு போடவைத்தார்கள். பழசை மறக்கச் சொல்லும் பேச்சில் இதெல்லாம் வராது.

எப்ரோவில் தப்பிய பால்புட்டிப் பிள்ளைகள் முதியவர்களாகி, 1989இல் பாந்தொல்ஸ் மலையில், தாங்கள் போரிட்ட 705 மீட்டர் உயரக் குன்றின்மேல், ஒரு நினைவுச்சின்னம் நிறுவினார்கள். அந்தப் போரில் சண்டையிட்ட எல்லாருக்கும், எதிர்த்தரப்பாருக்கும் சேர்த்து. அதைச் செய்ய அவர்களுக்கு உரிமை இருந்தது. எந்த அரசும் அவர்கள் சார்பில் அதைச் செய்துவிட முடியாது.

ஆகவே புகையிலைக் கதையை நான் தொடர்ந்து சொல்லத்தான் போகிறேன். தண்டனைப் படைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அடுத்ததாக அதையே எடுத்துக்கொள்கிறேன்.