3,10,000 கிலோமீட்டர் ஓடிய டிரக்: கியர் பாக்ஸ் ஆயிலை ஃபிளஷ் செய்யலாமா?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் புல்வெட்டும் தொழில் செய்கிறேன். 2008-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் சில்வராடோ 1500 டிரக்கைப் பழையதாக வாங்கி ஓட்டி வருகிறேன். 5.3 லிட்டர் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். ஓட்டம் 3,10,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முந்தைய உரிமையாளர் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றியதற்கான ரசீது எதுவும் இல்லை. கோடை முழுவதும் இயந்திரங்கள் ஏற்றிய டிரெய்லரை இழுக்கிறேன். கியர் ஒழுங்காகவே விழுகிறது. ஆனால் ஆயில் பழுப்பாகிவிட்டது. எஞ்சின் ஆயில் மாற்றப் போன இடத்தில், மெஷின் வைத்துப் பழைய ஆயில் முழுவதையும் தள்ளி வெளியேற்றி, கியர் பாக்ஸை ஃபிளஷ் செய்யச் சொல்கிறார்கள். நண்பர்களோ, ‘இத்தனை தூரம் ஓடியதைத் தொட்டால் அடுத்த வாரமே படுத்துவிடும்’ என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், பிராம்ப்டன்

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு மெஷின் ஃபிளஷ் வேண்டாம். ஆனால் ஆயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள்.

நண்பர்கள் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த வகையைச் சேர்ந்தவை. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயிலின் நினைவே வருகிறது. அதற்குள் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்து முடிந்திருப்பதால், ஆயிலை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்தக் கியர் பாக்ஸுக்கு அதிக நாள் இல்லை. மாற்றிய மறுவாரம் அது நின்றுபோனால், பழி புது ஆயிலின் மேல் விழுகிறது. இருந்தாலும் அந்த அச்சத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. பல ஆண்டுகளாக மூலைமுடுக்குகளில் படிந்து கிடக்கும் கசடு கிளம்பி, ஆயிலை உரிய கியருக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் மெல்லிய வழிகளிலோ, சொலினாய்டுகள் எனும் மின் வால்வுகளிலோ சிக்கிக்கொண்டால், நன்றாக ஓடிய வண்டியும் தடுமாறக்கூடும்.

மெஷினைப் பொறுத்தவரை என் மறுப்புக்கு முதல் காரணம் ஃபில்டர். ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் குழாயில் மெஷினை மாட்டிப் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியதை ஏற்றுகிறார்கள். அடியிலுள்ள ஆயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றினால்தான் எட்டக்கூடிய ஃபில்டர் பல கடைகளில் அப்படியே விடப்படுகிறது. பேனின் அடியில் படிந்த சேறும், காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளும் அங்கேயே கிடக்க, அவற்றின் மேல் விலையுயர்ந்த புது ஆயில் போய்ச் சேர்கிறது. இது எனக்குச் சிறிதும் பிடிக்காத ஏற்பாடு. ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டு, ரசீதுகளும் உள்ள வண்டிக்கு, கியர் பாக்ஸின் சொந்த பம்பையே பயன்படுத்தும் வகை மெஷின் பெரிய தீங்கு செய்யாது. வரலாறு தெரியாத வண்டியை அதற்கு உட்படுத்த வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் வண்டியைச் சூடாகும்வரை ஓட்டி, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும் தருணத்தைக் கவனியுங்கள். உங்கள் டிரக்கிலுள்ள 4எல்60-ஈ கியர் பாக்ஸில் மூன்று, நான்கு ஆகிய இரண்டு கியர்களுக்கும் பொதுவான கிளட்ச்தான் பெயர்போன பலவீனம். அந்த இடத்தில் எஞ்சின் சுற்று திடீரென எகிறி அடங்கினால், தேய்மானம் முற்றிவிட்டது என்று பொருள். அப்படியானால் ஆயிலுக்குச் செலவழிக்காமல், கியர் பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவுக்குப் பணம் சேருங்கள். வழுக்கல் இல்லையென்றால், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பழுப்பாகப் பரவினால் வெறும் முதுமை; கருத்து, கருகிய நெடி அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. ஸ்ட்ராபெர்ரி பால்போல வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் உடைந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட் கலந்துவிட்டது; கிளட்ச் பூச்சின் பசையை நீர் கரைத்துவிடும் என்பதால், அந்த ஒரு நிலையில் மட்டும் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, கூலரைச் சரிசெய்த கையோடு ஆயில் முழுவதையும் வெளியேற்ற வேண்டும்.

பேனைக் கழற்றும்போது அருகில் நின்று பாருங்கள். காந்தத்தின் மேல் சாம்பல் நிறப் பசைபோல நுண்தூள் இருப்பது இயல்பு. கம்பிச் சீவல்போன்ற துண்டுகளோ பித்தளை நிறச் சிதறல்களோ இருந்தால், உள்ளே ஏதோ ஒரு பாகம் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. ஃபில்டரை இழுத்தெடுத்ததும் அதன் கழுத்தைச் சுற்றியிருந்த பழைய சீல் பம்பின் துளைக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு; துளையின் சுவரைக் கீறாமல் அதை நெம்பி எடுத்த பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். அவசரத்தில் அதன் மேலேயே புது சீலை அழுத்திவிட்டால், பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். பேன் போல்ட்டுகள் 16. ஒவ்வொன்றுக்கும் 11 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். வலு இருக்கிறதே என்று மேலும் இறுக்கினால் பேனின் விளிம்பு வளைந்து ஒழுகும்.

ஒருமுறை பேனைக் கழற்றினால் ஏறத்தாழ 4.7 லிட்டர்தான் இறங்கும். மொத்தக் கொள்ளளவோ சுமார் 10.6 லிட்டர். மீதி, எஞ்சினின் விசையைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. இதைக் குறை என்று எண்ண வேண்டாம். கியர் பாக்ஸ் புது ஆயிலுக்கு மெல்லப் பழக இது வசதியானது. இரண்டு மூன்று வாரம் ஓட்டிவிட்டு மீண்டும் அதே அளவை இறக்கி நிரப்பினால் பத்தில் ஏழு பங்கு புதியதாகிவிடும். மூன்றாவது முறை 83 விழுக்காட்டை எட்டும். பிந்தைய இரு முறைகளில் ஃபில்டரை மாற்றத் தேவையில்லை. ஊற்ற வேண்டியது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டெக்ஸ்ரான் 6 தரச் சான்று பெற்ற ஆயில். ‘எல்லா வண்டிக்கும் ஏற்றது’ என்று அட்டையில் எழுதிய புட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஆயில் சூடான பிறகு, சமதளத்தில், எஞ்சின் ஓடும்போதே, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, ‘பார்க்’ (P) நிலையில் வைத்து அளவு பாருங்கள். கூடுதலாக ஊற்றுவதும் கெடுதலே: சுழலும் பாகங்கள் ஆயிலை நுரைக்கச் செய்துவிடும்.

டிரெய்லர் இழுக்கும் வண்டி கடும் பயன்பாட்டில் இருக்கும் வண்டி. இனி 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். ஆயிலைக் கெடுப்பதில் வெப்பத்துக்கு நிகர் வேறில்லை என்பதால், ஃபிளஷ் செய்யக் கேட்ட தொகையை ஒரு கூடுதல் கூலருக்குச் செலவிட்டால் உங்கள் தொழிலுக்கு அதிகப் பயன் தரும்.

கேள்வி: என்னுடைய 2012 டொயோட்டா டன்ட்ராவின் கியர் பாக்ஸுக்கு டிப்ஸ்டிக்கே இல்லை. ஆயிலை மாற்றவே வேண்டாம் என்றுதானே பொருள்?
வாசகர், ஹூஸ்டன்

பதில்: இல்லை. கண்டவர் கண்ட ஆயிலை ஊற்றிவிடாமல் தடுக்கும் ஏற்பாடு அது. பாரம் இழுப்பவரானால் உங்களுக்கும் மேலே சொன்ன முறையே பொருந்தும். ஆயில் மட்டும் டொயோட்டாவின் டபிள்யூஎஸ் வகை. அளவு பார்ப்பதில்தான் சிரமம்: வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் பேனிலுள்ள சோதனைத் திருகைக் கழற்றி, மெல்லிய இழையாக வழிந்து சொட்டும் நிலைக்கு வரும்வரை விட வேண்டும். வெப்பநிலையை அளக்கும் ஸ்கேனர் இல்லாத கடையில் இதைச் செய்யக் கொடுக்காதீர்கள்.