பதினாறு சென்சார் எதற்கு?

கேள்வி: காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். உமி இழுக்கும் 30 எச்பி புளோயரில் ஒரே வருடத்தில் இரண்டு முறை பேரிங் போய்விட்டது. ஆலை முழுக்க 16 வயர்லெஸ் அதிர்வு சென்சார் மாட்டச் சொல்லி ஒருவர் கொட்டேஷன் தந்திருக்கிறார். மாதச் சந்தா தனி. மாட்டலாமா?

பதில்: வேண்டாம். கெட்டுப்போவது ஒரு புளோயர். அதன் தண்டைத் தாங்குவது இரண்டு பிளம்மர் பிளாக், அதாவது பேரிங் உட்காரும் இரும்புக் கூடு. பிளாக்குக்கு ஒன்று, மொத்தம் இரண்டு சென்சார் போதும். மீதி பதினான்கு விற்பவருக்குத்தான் தேவை.

அதற்கும் முன்னால், புளோயரைத் திறந்து இறக்கைகளைப் பாருங்கள். உமியில் சிலிக்கா அதிகம். உப்புத்தாள் போல இரும்பைத் தேய்க்கும். எல்லா இறக்கையும் ஒரே அளவில் தேயாது. ஈரத் தவிடு ஒரு பக்கம் அப்பினாலும் எடை சாய்ந்துவிடும். பேலன்ஸ் பார்க்காமல் பேரிங்கை மட்டும் மாற்றினால் மூன்றாவதும் போகும்.

விற்க வருபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த சென்சார் எத்தனை ஹெர்ட்ஸ் வரை, அதாவது வினாடிக்கு எத்தனை அதிர்வு வரை பிடிக்கும்?" புளோயர் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடினால் பேலன்ஸ் கோளாறு 30 ஹெர்ட்ஸில் தெரியும். அதற்கு மலிவானதே போதும். பேரிங்கில் விழும் முதல் கீறலோ சில ஆயிரம் ஹெர்ட்ஸில்தான் அதிரும். 1000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் சென்சாருக்கு அது எட்டாது. அது எச்சரிக்கும் நேரத்தில் ஆபரேட்டரின் காதுக்கே சத்தம் கேட்டுவிடும். இதைச் சொல்லாமல் விற்பதுதான் எனக்கு ஆத்திரம்.

நல்ல சென்சாரையும் பெல்ட் கார்டு தகரத்தில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். தகரம் தன்பாட்டுக்கு ஆடும். பெயின்டைச் சுரண்டி, பிளம்மர் பிளாக்கிலேயே ஸ்டட் (திருகாணி) போட்டு முறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பயமுறுத்தல். வேறு இயந்திரங்களுக்கான அட்டவணையைக் காட்டி, "அதிர்வு வேகம் 4.5 மி.மீ./வினாடி தாண்டிவிட்டது, ஆபத்து" என்பார்கள். ஃபேன், புளோயருக்கென்றே ஐஎஸ்ஓ 14694 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. கான்கிரீட்டில் உறுதியாக நிற்கும் உங்கள் அளவு புளோயருக்கு அதன்படி 7.1 மி.மீ./வினாடி வந்தால் எச்சரிக்கை, 9 வந்தால் நிறுத்த வேண்டும்.

ஆனால் புளோயர் விஎஃப்டியில், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவில் ஓடுகிறதா? அப்படியென்றால் வேகம் தெரியாத அளவீட்டுக்கு மதிப்பே இல்லை. நேற்று டிரைவை 40 ஹெர்ட்ஸில் வைத்து எடுத்ததை இன்று 50ல் எடுத்ததோடு ஒப்பிடாதீர்கள். ஏதோ ஒரு வேகத்தில் ஸ்டாண்டின் இயல்பதிர்வோடு ஒத்துப்போய் மொத்தமும் குலுங்கும். அது பேரிங் கோளாறு அல்ல. அந்த வேகத்தைக் கண்டுபிடித்து, அங்கே நிற்காமல் தாண்டும்படி டிரைவில் ஸ்கிப் வைக்கச் சொல்லுங்கள். விஎஃப்டி மோட்டாரில் இன்னொன்றும் உண்டு: தண்டு வழியாக மின்சாரம் கசிந்து மோட்டார் பேரிங்கில் வரிவரியாகத் தழும்பு போடும். கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பாருங்கள்.

ஆடிட்டுக்கு வருபவர்கள் கேலிப்ரேஷன் சான்றிதழை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்; அளவீட்டை ஒருவரும் புரட்ட மாட்டார்கள். நீங்கள் புரட்டுங்கள். சென்சார் வரும்வரை கையடக்க அதிர்வு மீட்டர் ஒன்றை வாங்கி, பிளாக்கில் பெயின்ட் புள்ளி வைத்து, வாரம் ஒருமுறை அதே இடத்தில், அதே லோடில் எடுத்து நோட்டில் எழுதுங்கள்.