வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை, இனி என்ன?

கேள்வி: மகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது தெரிவாகத் தேவையான குறைந்தபட்சப் புள்ளிக்கு, கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸ். இவள் சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள். மட்டக்களப்பு டவுன் பள்ளிக்கூடம் இனிக் கிடைக்காதா?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் அந்தப் பக்கத்து வீட்டுக் கதையை அவள் காதுபடப் பேசாதீர்கள், தங்கச்சி. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலைகளின் ஆறாம் ஆண்டு இடங்களுக்கும் ஆள் எடுக்கிற பரீட்சை, அவ்வளவுதான், வெட்டுப்புள்ளிக்குக் கீழே என்றால் பெயில் என்று அர்த்தமே இல்லை. பதினோராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சையை நன்றாகச் செய்தால் அடுத்த உயர்தர வகுப்புக்கு டவுனில் விண்ணப்பிக்கலாம். இப்போதே பத்து வயதுப் பிள்ளையைத் தினமும் கல்முனை வீதி பஸ்ஸில் நெரிபட அனுப்பத்தான் வேண்டுமா? எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆறாம் ஆண்டில்தான் உண்மையான மாற்றம். இதுவரை ஒரே வகுப்பாசிரியர், இனிப் பாடத்துக்கொரு ஆசிரியர். நேரசூசியை மேசைக்கு மேலே ஒட்டி, இரவே அவளையே பை அடுக்க விடுங்கள், நீங்கள் அடுக்காதீர்கள். டியூஷனை ஒரு மாதம் நிறுத்தினாலும் ஒன்றும் குடிமுழுகாது.