இழையை விடுங்கள், முடிச்சை எண்ணுங்கள்

கேள்வி: மியாசிஸில், அதாவது விந்துச்செல்லும் அண்டமும் உருவாக நடக்கும் செல் பகுப்பில், முதல் பகுப்பு முடிந்ததுமே குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் படத்தில் ஒவ்வொன்றும் இரண்டு இழையோடுதானே இருக்கிறது? நான் 46 என்று எழுதினேன், மதிப்பெண் போய்விட்டது.
- பதினோராம் வகுப்பு மாணவி

பதில்: நீங்கள் இழையை எண்ணியிருக்கிறீர்கள், அதனால்தான் 46 வந்தது. எண்ண வேண்டியது சென்ட்ரோமியரை, அதாவது குரோமாட்டிடு என்ற இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த இடுப்பை. எத்தனை சென்ட்ரோமியரோ அத்தனை குரோமோசோம். டி.என்.ஏ. இரட்டித்த பிறகும் மனித செல்லில் 46தான், இழைகள்தான் 92.

இதைப் படிப்பதைவிடக் கையால் செய்து பார்ப்பது மேல். சிவப்பு நூலில் நீளமாக இரண்டு துண்டு, குட்டையாக இரண்டு, நீல நூலிலும் அதே மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே நிறம், ஒரே நீளம் உள்ள இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு முடிச்சு. இப்போது மேசையில் நான்கு முடிச்சு இருக்கும். சிவப்பு அம்மாவிடமிருந்து வந்தது, நீலம் அப்பாவிடமிருந்து. மைட்டாசிஸ், அதாவது உடல் செல்களின் சாதாரணப் பகுப்பு என்றால், நான்கையும் ஒரே வரிசையில் வைத்து எல்லா முடிச்சையும் அவிழ்த்து, பக்கத்துக்கு நான்கு இழையாகப் பிரித்துவிடலாம், வேலை முடிந்தது. மியாசிஸில் அப்படியில்லை. நீளச் சிவப்பும் நீள நீலமும் ஜோடியாக எதிரெதிரே நிற்கும், குட்டைகளும் அப்படியே. முடிச்சை அவிழ்க்காமல் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் தள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு முடிச்சு! நான்கு இரண்டாகிவிட்டது, ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு இழை அப்படியே இருக்கிறது. முடிச்சு அவிழ்வது இரண்டாம் பகுப்பில்தான். நமக்கு 46 முதல் பகுப்பிலேயே 23 ஆவதும் இதே கணக்குதான்.

அப்புறம் இன்னொன்றையும் கவனியுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எந்த நிறம் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு விதி கிடையாது, ஒவ்வொரு ஜோடியும் தன் இஷ்டத்துக்குத் திரும்பி நிற்கும். இரண்டு ஜோடிக்கு நான்கு விதமான சேர்க்கை என்றால், 23 ஜோடிக்கு 83,88,608. குறுக்கே கலத்தலில் இழைகள் துண்டு மாற்றிக்கொள்வதை இதில் சேர்க்கவே இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு சாயலில் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

கேள்வி: சிவப்பணுவில் நியூக்ளியஸ் இல்லையே, அது எப்படிப் பிரியும்?
- பத்தாம் வகுப்பு மாணவர்

பதில்: பிரியாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கும் நியூக்ளியஸ் உண்டு, முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு அவ்வளவு இடம் மிச்சம். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடுவதால், சுமக்கிற ஆக்சிஜனைத் தானே செலவழிப்பதில்லை. சுமார் 120 நாள் ஓடி உழைத்துவிட்டு அழிந்துபோகும், அந்த இடத்துக்கு மஜ்ஜை புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: மூன்றும் பெண் குழந்தை என்று என் அக்காவைத்தான் குறை சொல்கிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?
- கல்லூரி மாணவி

பதில்: அக்காவின் ஒவ்வொரு அண்டத்திலும் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான். விந்துச்செல்லில்தான் எக்ஸ் அல்லது ஒய் வரும், எது வந்து சேர்கிறதோ அதைப் பொறுத்தே பெண்ணும் ஆணும். அதற்காக மாமாவையும் குறை சொல்லிவிடாதீர்கள், லட்சக்கணக்கான விந்துச்செல்களில் எது முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. குறை சொல்கிறவர்களிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள்.