அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுப்பது யார்?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் போனில் பாட்டு போட்டால்தான் சாப்பிட வாயைத் திறக்கிறான். போன வாரம் ஏதோ கார்ட்டூனில் ஒரு பொம்மையைக் கட்டிவைத்துப் பெரிய ஊசி குத்துவதைப் பார்த்திருக்கிறான். மூன்று நாளாக ராத்திரியில் அலறிக்கொண்டு எழுகிறான். யூடியூபை அழித்துவிடலாமா? பாதுகாப்பாகக் காட்ட வழி உண்டா?

பதில்: செட்டிங்ஸ் எல்லாம் பிறகு. முதலில் உங்கள் மகன்.

அவன் அலறி எழும்போது விளக்கைப் போட்டு, தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘அது சும்மா பொம்மை, பயப்படக் கூடாது’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நான்கு வயதில் திரையில் நடப்பதும் நிஜத்தில் நடப்பதும் இன்னும் தெளிவாகப் பிரியாது. பகலில், அவன் விளையாட்டில் இருக்கும்போது, ‘அந்தப் பொம்மைக்கு என்ன ஆச்சு?’ என்று மெதுவாகக் கேளுங்கள். சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு பொம்மையை அவன் கையில் கொடுத்து, அவனே டாக்டராக இருந்து அதைக் குணப்படுத்தட்டும். பயத்தைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு இந்த விளையாட்டு பெரிய ஆறுதல். அந்த வீடியோவைத் தேடிப் பார்க்க வேண்டுமென்றால் அவன் தூங்கிய பிறகு பாருங்கள். முக்கியமாக, ‘நீ ஏன் அதைப் பார்த்தே?’ என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால், அடுத்த முறை பயந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டான்.

சரி, அது எப்படி அவன் கண்ணில் பட்டது? உங்கள் மாமியார் போட்டது நல்ல பாட்டாகத்தான் இருந்திருக்கும். பாட்டு முடிந்ததும் ஆட்டோபிளே அடுத்ததை ஓட்டியிருக்கும், இல்லாவிட்டால் கீழே வரிசையாக வரும் படங்களில் ஒன்றை அவன் விரல் தொட்டிருக்கும். அவனுக்குப் படிக்கத் தெரியாது. தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. பளிச்சென்ற நிறமும் தெரிந்த கார்ட்டூன் முகமும் இருந்தால் தொட்டுவிடுவான். இப்படி நான்கைந்து தடவை தொட்டால் போதும், நாம் போட்டுக் கொடுத்த பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் நிற்பான். பாட்டி சோறு பிசைந்துகொண்டிருப்பார். அவர்மேல் தப்பே இல்லை.

இது புதிதும் அல்ல. பிரபல கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து ஊசி, ரத்தம், வன்முறை என்று எடுத்த வீடியோக்கள் 2017-ல் பல நாடுகளில் பெற்றோர்களைப் பதறவைத்தன. ‘எல்சாகேட்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. யூடியூப் நிறைய சேனல்களை நீக்கியது. ஆனாலும் தினமும் வந்து குவியும் வீடியோக்கள் எல்லாவற்றையும் மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து அனுப்புவதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் குழந்தைகளின் தகவல்களைத் திரட்டியதற்காக 2019-ல் யூடியூப் மீதான வழக்கு 17 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. அதன்பின் 2020 முதல், ‘இது குழந்தைகளுக்கானது’ என்று வீடியோ எடுப்பவரே குறிப்பிட வேண்டும். அப்படிக் குறித்த வீடியோவில் கமென்ட் இருக்காது, பார்ப்பவரின் விருப்பத்தை வேவு பார்த்துக் காட்டும் விளம்பரமும் வராது. நல்லதுதான். ஆனால் யாரோ பார்த்துச் சரி என்று சொன்னதற்கான முத்திரை இல்லை அது. பல பெற்றோர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அதனால் என் யோசனை ஒன்றுதான்: அடுத்து எது என்பதை யூடியூபும் முடிவு செய்யக் கூடாது, நான்கு வயதுக் குழந்தையும் முடிவு செய்யக் கூடாது. நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மாமியார் போனில் ‘யூடியூப் கிட்ஸ்’ ஆப்பைப் போட்டு, உங்கள் கூகுள் கணக்கில் மகனுக்கு ஒரு ப்ரொஃபைல் உருவாக்குங்கள். வயதைக் கேட்கும் இடத்தில் ‘ப்ரீ ஸ்கூல்’ என்று கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அதில் வடிகட்டுவது பெரும்பாலும் இயந்திரம்தான், தவறு நடக்கும். அதற்குப் பக்கத்திலேயே, பெற்றோரே பார்த்து அனுமதிக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் டிக் செய்த சேனலும் வீடியோவும் மட்டுமே அவனுக்குத் தெரியும், தேடவும் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பத்துப் பதினைந்து வீடியோக்களைக் கடைசி வரை பார்த்துச் சேருங்கள். கடைசி வரை என்பதை அழுத்திச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பதினைந்து போதுமா என்று தோன்றும். இந்த வயதில் பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் சந்தோஷம்.

பெற்றோர் பகுதிக்குள் நுழைய அந்த ஆப் ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த அக்காவோ அண்ணனோ வீட்டுக்கு வந்தால் திறந்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு பாஸ்கோடு வைத்துவிடுங்கள். அங்கேயே டைமரும் இருக்கிறது. நேரம் முடிந்ததும் ஆப் தானாகவே பூட்டிக்கொள்ளும். பாட்டி கையிலிருந்து பிடுங்க வேண்டியதில்லை.

மாமியாருக்குச் சீரியல் பார்க்க சாதாரண யூடியூப் வேண்டும், அதை அழிக்கச் சொல்வது நியாயமில்லை. ஒரே ஆப்பில் போனைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் ‘ஆப் பின்னிங்’ என்று தேடுங்கள். ஐபோனில் அது ‘கைடட் ஆக்சஸ்’. வெளியே வர பாஸ்வேர்டு கேட்கும்படி அங்கேயே அமைத்துவிட்டு, கிட்ஸ் ஆப்பைத் திறந்து இதைப் போட்டுவிட்டால், பாஸ்வேர்டு இல்லாமல் அவன் வெளியே வர முடியாது. பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கைந்து முறை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வேகமாகச் செய்து காட்டினால் மறுநாள் மறந்துவிடும். ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். சத்தம் வெளியே கேட்டால்தான், ஏதாவது மாறி ஓடும்போது அடுப்படியில் இருப்பவருக்கும் தெரியும்.

எவ்வளவு நேரம்? 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 1 மணி நேரம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். 2 வயதுக்குள் கூடவே கூடாது. டிவியும் இந்தக் கணக்கில் சேரும்.

சாப்பாட்டு நேரம்தான் உங்கள் வீட்டில் கடினமான இடம். மூன்று வேளையும் ஒரே நாளில் நிறுத்தினால் பாட்டியும் பேரனும் திணறிப்போவார்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் ராத்திரிச் சாப்பாட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கென்று ஒரு சின்னத் தட்டு, அதில் கோலிக்குண்டு அளவில் உருட்டிய நான்கு பருப்பு சாத உருண்டைகள், அவன் கையாலேயே எடுத்துச் சாப்பிடட்டும். கீழே சிந்தும், பரவாயில்லை. முதல் சில நாட்கள் அழுவான், குறைவாகவும் சாப்பிடுவான். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டதால் நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்பதை மாமியாரிடம் கனிவாகச் சொல்லிவையுங்கள். அவருடைய கவலை அதுதான். ராத்திரி பழகிய பிறகு காலைச் சாப்பாடு, அப்புறம் மத்தியானம்.

இரவு அலறல் இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலோ, பகலிலும் தனியாக இருக்கப் பயந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது நடந்ததை நீங்களே முன்கூட்டிச் சொல்லி, ஊசி எதையும் அவன் கண்ணெதிரே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.