விடிகாலை 3 மணிக்கு காக்பிட்ல யார் முழிச்சிருக்கா?

கே: நைட் ஃபிளைட்ல நாம போர்வையை இழுத்துப் போத்திட்டு தூங்கிடறோம், பைலட்டுங்க மட்டும் எப்படி சார் விடிய விடிய முழிச்சிருக்காங்க, பழகிடுமா?

ப: பழகாதுங்க, அதான் சிக்கலே. எத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவரா இருந்தாலும் ராத்திரி 2 மணியிலேர்ந்து காலை 6 மணி வரைக்கும் உடம்புச் சூடு இறங்கி மூளை மந்தமாகத்தான் செய்யும். க்ரூஸ்ல, அதாவது மேல ஏறி ஒரே உயரத்துல போயிட்டு இருக்கும்போது, ஆட்டோபைலட் பாட்டுக்கு ஓட்டிட்டு இருக்கும், வெளியே கும்மிருட்டு, ஒரே மாதிரி இரைச்சல், கண்ணு திறந்தபடியே சில செகண்ட் மூளை ஆஃப் ஆயிடும், அது அவருக்கே தெரியாது.

அதனால சில நாடுகள்ல தூங்கவே விடறாங்க, ஆனா கணக்கா. க்ரூஸ்ல மட்டும், ஒருத்தர் சீட்லயே கண்ணை மூடுவார், இன்னொருத்தர் முழிச்சிருக்கணும், கேபின் க்ரூகிட்ட முன்னாடியே சொல்லிடணும், எழுந்ததும் உடனே கண்ட்ரோலைத் தொடக்கூடாது. நாசா இதைச் சோதிச்சு 1994ல ரிப்போர்ட் போட்டுச்சு, 40 நிமிஷம் ரெஸ்ட் குடுத்ததுல சராசரியா 26 நிமிஷம் தூங்கியிருக்காங்க, அதுக்கப்புறம் தூங்காதவங்களைவிட நல்லாவே சுதாரிப்பா இருந்திருக்காங்க. கூத்து என்னன்னா, அந்த அமெரிக்காவுலயே இதுக்கு அனுமதி இல்ல! அனுமதி இல்லன்னா தூக்கம் வராமலா இருக்கும்?

கணக்கில்லாத தூக்கம்தான் ஆபத்து. 2010 மே 22, துபாய்லேர்ந்து ராத்திரி கிளம்பி மங்களூர்ல இறங்கின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விபத்துல சிக்கி 158 பேர் செத்துப்போனாங்க. காக்பிட் ரெக்கார்டர்ல இருந்த 2 மணி 5 நிமிஷத்துல முதல் 1 மணி 40 நிமிஷம் கேப்டன் தூங்கிட்டு இருந்திருக்கார்னு விசாரணை சொல்லுச்சு. ஆழ்ந்த தூக்கத்துலேர்ந்து எழுந்தா கொஞ்ச நேரம் புத்தி தெளியாது, அந்த மந்தத்தோட இறக்கி, ரன்வேல ரொம்ப தள்ளித் தொட்டு, கோ பைலட் மறுபடி மேல ஏத்திடலாம்னு சொல்லியும் கேக்கல.

கே: ஸ்ட்ராங்கா காஃபி குடிச்சா போதாதா?

ப: குடிச்சு அரை மணி ஆகணும் வேலை செய்ய. இறங்கினப்புறம் ஹோட்டல்ல தூங்கவும் விடாது, அந்தத் தூக்கம் கெட்டா அடுத்த ஃபிளைட்டுக்கும் கடன் ஏறும்.

கே: கேபின் க்ரூ நடந்துக்கிட்டே இருக்காங்களே, அவங்களுக்கு தூக்கம் வராதுல்ல?

ப: நடக்கறவரைக்கும் சரி. சாப்பாடு குடுத்து முடிச்சு லைட்டைக் குறைச்சப்புறம்தான் அவங்க பாடு திண்டாட்டம். போயிங் 777, 787 மாதிரி பெரிய விமானத்துல க்ரூ படுக்க பங்க், அதாவது சின்னப் படுக்கை, இருக்கு, முறை வச்சு படுப்பாங்க, ஆனா பகல்ல சரியா தூங்காம டியூட்டிக்கு வந்தவங்களுக்கு அந்த ரெண்டு மூணு மணி நேரம் எந்த மூலைக்கு? விடியற நேரத்துல லேண்டிங்குக்காக ஜம்ப்சீட்ல, அதாவது க்ரூவுக்கான மடக்கு சீட்ல, பெல்ட் போட்டு அசையாம உக்காரும்போதுதான் கண்ணு சொக்கும். ஏதாவது ஆச்சுன்னா கதவைத் திறந்து எல்லாரையும் வெளியேத்த வேண்டியவங்க அவங்கதான், மொத்த விமானமும் 90 செகண்ட்ல காலி ஆகணும்ங்கறதுதான் டிசைன் கணக்கு. பைலட்டோட தூக்கத்தைப் பத்தி பேசற அளவுக்கு இவங்க தூக்கத்தைப் பத்தி யாரும் பேசறதில்ல.