பெஞ்சில் இருந்தவரைப் பிள்ளைகள் மதிப்பார்களா?

நண்பரே, கல்லூரி அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சில்தான் இருந்தேன், பயிற்சியாளரானால் பிள்ளைகள் மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மதிப்பார்கள். ஸ்டீவ் கெர்ரைப் பாருங்கள். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 910 ஆட்டங்கள் ஆடியவர். தொடக்க ஐவரில் இறங்கியது முப்பதில் மட்டும்தான். 1997 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம், 86-86. கடைசி நொடிகளில் சக வீரர் மைக்கேல் ஜோர்டானை எதிரணியினர் இருவர் மறிக்க, பந்து கெர்ரிடம் வருகிறது. தயங்காமல் எறிந்தார், உள்ளே விழுந்தது, கோப்பை அவருடைய சிகாகோ அணிக்கு. எனக்கு இன்றும் சிலிர்க்கும் காட்சி அது!

பயிற்சியாளராக ஒரு நாள்கூட வேலை பார்க்காமலே 2014இல் என்பிஏவின் வாரியர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 2015, 2017, 2018, 2022 என நான்கு பட்டங்கள். ஆனால் அந்த வேலைக்கு வருமுன்பே தன் யோசனைகளை எழுதிச் சேர்த்து வைத்திருந்தார். சரி, நீங்களும் பெஞ்சிலிருந்து கவனித்ததெல்லாம் மறப்பதற்குள் ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்.